தேங்காய்த் துருவி, இருநூற்றுப் பன்னிரண்டு முறை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாலான் புசாரில், இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே இருக்கும் காப்பிக் கடையொன்றில் கிளாரிசா இதை எனக்குச் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேருடைய தே-ஓவும், பால் சேர்க்காத அந்த டீ, ஆறிப்போயிருந்தது.

"நீ எழுதுவேன்னு தெரிஞ்சுதான் சொல்றேன். ஆனா அழவைக்கிற மாதிரி எழுதாத. அங்க யாரும் அழல" என்றாள்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: 'சொற்களின் பெருங்கடலில் தனியொரு படகாய்—' நிறுத்திவிட்டேன். இந்தக் கதையில் கடலும் இல்லை, படகும் இல்லை. இரண்டாவது: 'இணைய வணிகத்தில் நிகழ்வு என்பது யாதெனில்—' அதைப் படித்தால் நானே எழுந்து போய்விடுவேன். மூன்றாவதாக, கிளாரிசா சொன்ன முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொண்டேன். அதைவிட நல்லதாக எனக்கு ஒன்றும் அமையவில்லை.

"அறுபது தேங்காய்த் துருவி வாங்கிட்டாங்க. ஒண்ணுகூட விக்கல."

2

வாங்கியவர் ரியாஸ். லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் ஒரு பெரிய மளிகைக் கடையின் இணையப் பிரிவை அவர்தான் நடத்துகிறார். (கடைக்குப் பெயர் வைக்கப் பார்த்தேன். நான் யோசித்த ஆறு பெயரும் அந்த வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. பெயர் வேண்டாம்.) அரிசியிலிருந்து ஆரத்தித் தட்டு வரை ஆறாயிரம் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் படம், படத்துக்குக் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர். தேடும் பெட்டியில் ஒரு மைக் இருக்கும். அதை அழுத்திப் பொருளின் பெயரைச் சொன்னால் படம் வந்து நிற்கும்.

இப்படிப்பட்ட கடையில் நீங்கள் எதைத் தொட்டாலும் ஒரு சீட்டு விழுகிறது. படத்தைப் பார்த்தால் ஒன்று. கூடையில் போட்டால் ஒன்று. மனம் மாறி எடுத்துவிட்டால் இன்னொன்று. தொழிலில் இருப்பவர்கள் இதை 'ஈவென்ட்' என்பார்கள். நான் சீட்டு என்றே சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அப்போதுதான் கண்ணில் தெரிகிறது. ஒரு நாளைக்கு மூன்று லட்சம் சீட்டு. அந்தக் கடையில் எல்லாம் ஒரே மூட்டையாக ரியாஸின் கணினியில் வந்து விழுந்துகொண்டிருந்தன. அந்த மூட்டையைப் பார்த்துத்தான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: இரண்டே மாதத்தில் தேங்காய்த் துருவியை இருநூற்றுப் பன்னிரண்டு முறை கூடையில் போட்டிருக்கிறார்கள். சனங்களுக்குத் துருவி தேவைப்படுகிறது.

அறுபது துருவிகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கி இரண்டு வாரம் ஆன பிறகுதான் கிளாரிசாவைக் கூப்பிட்டார்கள். விதிகள் எழுதுவது அவள் வேலை. எந்தச் சீட்டு யாருடைய தட்டுக்குப் போகவேண்டும், எது யாருக்கும் போகாமல் குப்பைக்குப் போகவேண்டும் என்று விதிப்பவள். பத்து வருடமாக இதைத்தான் செய்கிறாள். பெரிய விமானப் பயணத் தளத்துக்கும் செய்திருக்கிறாள், கிளமெண்டியில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் மீன் கடைக்கும் செய்திருக்கிறாள்.

ரியாஸுக்கு நான்கு விதி எழுதினாள். வாங்கியவர்களின் சீட்டு பொட்டலம் கட்டுபவர்களுக்கு. பாதியில் விட்டுப் போனவர்களின் சீட்டு நினைவூட்டல் அனுப்பும் பிரிவுக்கு. தேடிக் கிடைக்காத பொருள்களின் சீட்டு, 'கடையில் இல்லாதவை' என்ற தலைப்பில் ரியாஸுக்கே. நான்காவது விதி, இயந்திரங்களைப் பிடிப்பது. வேறு கடைகள் விலையை நோட்டம் பார்ப்பதற்காக ஆளில்லாத நிரல்களை, 'பாட்' என்பார்கள், அனுப்பி வைக்கும். அவை ஓயாமல் போடும், எடுக்கும், ஒன்றும் வாங்காது.

துருவியின் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகளும், உள்ளே வருபவர்களுக்குக் கடை ஒட்டும் எண்களில், ஒரே எண்ணிலிருந்து வந்திருந்தன. போடும், எடுக்கும். வாரத்தில் ஆறு நாள், காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு ஆரம்பிக்கும். ஒருமுறைகூட வாங்கியதில்லை.

"பாட்" என்றாள் கிளாரிசா.

"யார் அனுப்புறான்? சிராங்கூன் ரோட்டுக் கடைக்காரனா?" என்றார் ரியாஸ்.

"யாரா இருந்தா என்ன? இனிமே உள்ள வராது."

திங்கட்கிழமை மதியம் விதிகளை ஓடவிட்டாள். அந்த எண்ணின் புதிய சீட்டுகள் குப்பைக்குப் போயின. பழைய சீட்டுகள் ஞாயிற்றுக்கிழமை அழியும்படி குறிக்கப்பட்டன. மறுபடியும் கடைக்குள் வரப் பார்த்தால், நீங்கள் மனிதர்தானா என்று கேட்கும் படப் புதிர் ஒன்று கதவை மறித்துக்கொள்ளும்.

3

சனிக்கிழமை காலை ரியாஸுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் தனசேகரன், சுவா சூ காங்கில் வீடு, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்.

"தம்பி, ஆன்லைன் கடைதானே? உங்க கடை என் பொண்டாட்டிய மெஷின்னு சொல்லுதுலா."

"அது ஒரு செக்யூரிட்டி செக்தான் அங்கிள். படத்துல டிராபிக் லைட் இருக்கிற கட்டத்தையெல்லாம் தொட்டீங்கன்னா உள்ள விட்டுரும்."

"அவ இருபத்தோரு வருஷம் டாக்ஸி ஓட்டினவ தம்பி. டிராபிக் லைட் எதுன்னு அவளுக்குத் தெரியும். மேல எழுதியிருக்கிறத அவளால படிக்க முடியல. ஸ்டிரோக் வந்ததிலேர்ந்து எழுத்து ஓடுதுங்கிறா."

"அப்ப நீங்க பக்கத்துல இருந்து ஒரு தடவை—"

"ஒரு தடவை இல்ல, தினமும் கேக்குது. நான் காலையில வேலைக்குப் போயிடுவேன். அவ தனியாத்தான் பேசிப் பழகுவா. யார் முன்னாடியும் பேச மாட்டா. செவ்வாக்கெழமையிலேர்ந்து வாயே தொறக்கல தம்பி. அஞ்சு நாள்."

அவர் கோபப்படவில்லை என்பதுதான் ரியாஸுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. புதிருக்குக் கீழே சின்னதாக ஒரு எண் இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். உடனே கிளாரிசாவுக்கு அடித்தார்.

"நம்ம பாட் இருக்குல்ல கிளாரிசா," என்றார். "அதோட வீட்டுக்காரர் இப்பத்தான் பேசினார்."

4

இந்த இடத்தில் கதை எனக்கு நழுவப் பார்க்கிறது. ஒரு பெண் தன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வரிகளைப் படிக்கிறாள். இதில் எழுத என்ன இருக்கிறது? மழையைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். ('சன்னலுக்கு வெளியே வானம் இருண்டு—' அடித்துவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில். கிளமெண்டி வீட்டில் அவள் துவைத்துப் போட்ட துணிகள் கம்பத்தில் காய்ந்துகொண்டிருந்தன.)

முதலில் பூட்டைத் திறந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அழிப்பையும் நிறுத்தினாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த எண்ணின் பதினோரு வாரச் சீட்டுகளும் எதிரே இருந்தன. ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

முதல் நாள், துருவியின் படம் பார்க்கப்பட்டிருந்தது. பிறகு:

குரல் தேடல்: து
குரல் தேடல்: து
குரல் தேடல்: தூவி
குரல் தேடல்: திருவிழா
குரல் தேடல்: து

இப்படி நாற்பத்தொரு வரி. கடைக்கு 'திருவிழா' என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. அதை நம்பி, குத்துவிளக்கும் தோரணமும் காட்டியிருக்கிறது. அந்தப் பெண்மணி அவற்றைத் தொடாமல் மறுபடியும் துருவிக்கே வந்திருக்கிறார். நாற்பத்தொன்றோடு அன்றைக்கு முடிந்துவிட்டது. கூடையில் எதுவும் இல்லை.

மறுநாள் ஒன்பது பத்துக்கு மீண்டும் 'து'.

கிளாரிசா கீழே போகப் போக ஒழுங்கு புரிந்தது. ஒரு படத்தைப் பார்க்கிறார். பெயரைச் சொல்லிப் பார்க்கிறார். அதே படம் திரும்பி வந்தால் சொல் சரி. கூடையில் போடுகிறார். கடைசியில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவிட்டுப் போகிறார். முதல் வாரக் கடைசியில் கூடையில் ஒரே பொருள்: உப்பு. மூன்றாவது வாரம் ஒன்பது. 'அசிரி' என்று பதினாறு முறை சொன்ன பிறகு 'அரிசி'. ஆறாவது வாரம், ஒரு வியாழக்கிழமை ஒன்பது நாற்பத்தேழுக்கு 'துருவி'. அடுத்த நிமிடம் மறுபடி 'துருவி'. அப்புறம் 'தேங்காய்த் துருவி', 'தேங்காய்த் துருவி', 'தேங்காய்த் துருவி' என்று அந்தப் பக்கம் முழுவதும். அன்றைக்கு வேறு எதையும் அவர் தேடவே இல்லை. கூடையில் போட்டு, எடுத்து, போட்டு, எடுத்து, பதினொன்றரை வரைக்கும் அதையே செய்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அதில்தான் ஆரம்பித்திருக்கிறார். எட்டாவது வாரத்தில் பருப்பு வகைகள் ஒரு பக்கம் மொத்தமும் கூடையில்.

"பத்து வருஷத்துல கோடிக்கணக்குல ஈவென்ட் பாத்திருக்கேன்," என்றாள் கிளாரிசா என்னிடம். "ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு ஆள் இருக்காங்கன்னு தெரியும். ஆனா அன்னிக்குத்தான் ஒரு ஆளப் பாத்தேன். எழுந்து நின்னுட்டேன், தெரியுமா? ஸ்கிரீனுக்கு முன்னாடி, சர்ச்சுல நிக்கிற மாதிரி."

நான் இதற்கு மேல் எதுவும் எழுதவேண்டியதில்லை என்று நினைக்கிறேன். அவள் எழுந்து நின்றாள்.

5

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் தங்கத்தை, அதுதான் அந்தப் பெண்மணியின் பெயர், நான் தமிழாசிரியை ஆக்கியிருந்தேன். தமிழ் சொல்லிக்கொடுத்தவரே தமிழைத் தொலைத்தார் என்றால் கனமாக இருக்குமே என்ற ஆசைதான். அனுமதி கேட்டு நான் அனுப்பிய அந்த வரைவைத் தனசேகரன் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். 'ஆசிரியை' என்ற இடத்தில் தங்கம் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, "டாக்ஸி" என்றாராம். திருத்திவிட்டேன். அவர் சொன்னது சரி. ஐம்பத்தேழு வயதில் பக்கவாதம் வந்து, பொருள்களின் பெயர்கள் எல்லாம் போன பிறகும், தீவின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்கும் போகும் வழியை விரலால் மேசையில் கோடிட்டுக் காட்டக்கூடியவர் அவர். சாலைகள் அப்படியே இருந்தன, பெயர்ப் பலகைகள் மட்டும் போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை கிளாரிசா சுவா சூ காங்குக்குப் போனாள். தனசேகரன் விடுப்பு எடுத்திருந்தார். கதவைத் திறந்தவர் தங்கம். உயரமானவர், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், வலது கை மடங்கி வயிற்றோடு ஒட்டியிருந்தது.

கிளாரிசா உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "ஆன்ட்டி, அந்தப் பூட்டப் போட்டது நான்தான். அப்புறம்... நீங்க சொன்னது எல்லாத்தையும் படிச்சிட்டேன். உங்களக் கேக்காம. சாரி ஆன்ட்டி."

தங்கம் அவளையே பார்த்தார். பிறகு இடது கையால் நாற்காலியைக் காட்டினார்.

"ஏன் எங்க கடைன்னு கேக்கலாமா?" என்றாள் கிளாரிசா. "டாக்டர் சொன்னாங்களா?"

தங்கம் தலையாட்டினார். இல்லை. சொல்ல வாயெடுத்தார். "மனுசங்க..." என்றார். அடுத்த சொல் வரவில்லை. தனசேகரன் சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அரை நிமிடம் போயிருக்கும். "மனுசங்க... முடிச்சிடுறாங்க."

"நான் வாயெடுத்தா மத்தவங்க முடிச்சுக் குடுத்துடுறாங்கன்னு சொல்றா," என்றார் தனசேகரன். "நானும்தான் செஞ்சேன். பாவமா இருக்கும்லா. அந்த மைக்கு மட்டும்தான் வாயப் பொத்திக்கிட்டுக் காத்திருக்குமாம்."

தங்கம் போனை எடுத்தார். முதல்முறையாக, இன்னொருவர் முன்னால். துருவியின் படத்தைத் திறந்து, போனை மடியில் வைத்துக்கொண்டார். மைக்கை அழுத்தினார்.

"தே... தேங்கா..."

நின்றது. கிளாரிசாவின் உதடு தன்னை அறியாமல் குவிந்தது. தனசேகரன் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். கீழே எங்கோ எல்ஆர்டி ரயில் போகும் சத்தம் வந்து மறைந்தது.

"து... ரு... வி."

படம் வந்து நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு முறை எழுத்தில் பார்த்த சொல். கிளாரிசாவின் காதில் அது விழுந்தது இதுவே முதல் முறை. தங்கத்தின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. பூரான் அளவு சொல் அது, அதற்கு இத்தனை வேர்வையா என்று— (இந்த வாக்கியத்தை அப்படியே விடுகிறேன். உவமை தப்பு. அந்தச் சொல் எந்த அளவு என்று எனக்குத் தெரியவில்லை.)

6

ரியாஸின் 'கடையில் இல்லாதவை' பட்டியலைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? வழக்கமாக அதில் வெண்டைக்காய் வற்றல் கேட்டிருப்பார்கள், யாராவது காது குத்தும் ஊசி கேட்டிருப்பார்கள். பூட்டு திறந்த பிறகு வந்த திங்கட்கிழமை, தங்கத்தின் எண்ணிலிருந்து அதில் வந்து விழுந்தவை இவை: மழை. மேம்பாலம். பிறந்தநாள். நிழல். பாசிர் ரிஸ் (தீவின் கிழக்கு முனை). கோபம்.

ரியாஸ் அதைக் கிளாரிசாவுக்கு அனுப்பி, "இதுல எத நான் ஸ்டாக் பண்றது?" என்று கேட்டிருந்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பட்டியலை அவர் அழிக்கவில்லை.

கிளாரிசா இப்போது கேட்டாள்: "ஆன்ட்டி, மழைன்னு தேடியிருக்கீங்க, நிழல்ன்னு தேடியிருக்கீங்க. அதெல்லாம் எங்க கடையில கெடைக்காதுன்னு தெரியும்ல?"

தங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போகும் சிரிப்பு. சரியாகச் சொன்னால் கடை அந்தச் சொல்லை எழுதிக் காட்டி, அதன் கீழே 'எங்களிடம் இல்லை' என்று போடும். அந்தப் பக்கத்தைத் திறந்து கிளாரிசாவிடம் நீட்டினார். 'நிழல்: எங்களிடம் இல்லை.'

"கடையில... இல்ல," என்றார். போனை மடியில் வைத்துவிட்டு, இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டார். "என்கிட்ட... இருக்கு."

7

நியாயமாகக் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தனசேகரன் கிளாரிசாவிடம் ஒன்று கேட்டார்.

"அத்தனையையும் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடும்மா. அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில டெஸ்ட். முன்னேற்றம் இல்லன்னா பேச்சு கிளாஸ நிறுத்திடுவாங்க. இதக் காட்டினா யாரு நிறுத்துவா?"

"வேணாம்" என்றார் தங்கம். எங்கும் தடுக்காமல் வந்த சொல்.

"ஏன் தங்கம்?"

"தப்பு... எல்லாம்... இருக்கு."

"தப்பு இருந்தாத்தானே எங்கேர்ந்து எங்க வந்திருக்கேன்னு தெரியும்?"

"என்... தப்பு," என்றார் தங்கம். அந்த 'என்' என்பதை அழுத்திச் சொன்னார்.

இங்கே எனக்கு இரண்டு முடிவுகள் தோன்றின. ஒன்றில், தனசேகரன் அவருக்குத் தெரியாமல் அச்செடுத்துக் கொண்டுபோகிறார், மருத்துவர்கள் அசந்து போகிறார்கள். எழுதிப் பார்த்தேன், வாசிக்க நன்றாக இருந்தது, எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இன்னொன்றில், தங்கம் மனம் மாறுகிறார். அவர் மாறக்கூடியவர் இல்லை என்று அந்த 'டாக்ஸி'யிலேயே தெரிந்துகொண்டேன்.

நடந்தது இதுதான். கிளாரிசா தன் மடிக்கணினியைத் திறந்து, பதினோரு வாரச் சீட்டுகளையும் தங்கத்துக்கு எதிரே வைத்தாள். அழிக்கும் இடத்தைக் காட்டினாள். தங்கம் மேலிருந்து கீழே ஒருமுறை உருட்டிப் பார்த்தார். படிக்க முடிந்ததா என்று தெரியாது. எத்தனை நீளம் என்று பார்த்திருக்கலாம். பிறகு இடது ஆள்காட்டி விரலால் அழுத்தினார். ஆகவே நான்காம் பகுதியில் நான் கொடுத்த வரிகளும் எண்களும் கிளாரிசாவின் நினைவிலிருந்து வந்தவை. அவற்றை மட்டும் எழுதிக்கொள்ளத் தங்கம் சம்மதித்தார். ஒன்றிரண்டு பிசகியிருக்கலாம். 'திருவிழா' மட்டும் உண்மை என்று கிளாரிசா சத்தியம் செய்கிறாள்.

மருத்துவமனைக்குத் தங்கம் கையில் ஒன்றும் இல்லாமல்தான் போனார். போன முறை அறுபது படங்களில் பதினொன்றின் பெயரைச் சொன்னவர், இந்த முறை முப்பத்தெட்டு. வகுப்பு தொடர்கிறது.

ஐந்தாவது விதியைக் கிளாரிசா அந்த வாரமே எழுதினாள். தங்கத்தின் எண்ணுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும் என்றார் ரியாஸ். "இன்னொருத்தங்க இருந்தா?" என்றாள் கிளாரிசா. பத்து வருடமாக இயந்திரம் என்று தான் குப்பைக்கு அனுப்பியவற்றில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. அதற்கு இனி விடையும் கிடைக்காது.

எனவே கடையின் பக்கத்தில் ஒரு பொத்தான் வைத்தார்கள். அதை அழுத்தியவர் எத்தனை முறை போட்டாலும் எடுத்தாலும் புதிர் மறிக்காது. அவருடைய சீட்டு எந்தத் தட்டுக்கும் போகாது, குப்பைக்கும் போகாது, விழவே விழாது. பொத்தானில் என்ன எழுதுவது என்று தங்கத்தையே கேட்டார்கள். தேக்கா பக்கம் துணிக்கடையில் விற்பனைப் பெண் பின்னாலேயே வந்தால் நாம் எல்லோரும் என்ன சொல்வோம்? அதையே சொன்னார். "சும்மா... பாக்குறேன்."

இப்போது அந்தக் கடையைத் திறந்தால் மேலே வலது ஓரத்தில் அது இருக்கிறது. இதுவரை எத்தனை பேர் அழுத்தியிருக்கிறார்கள் என்று ரியாஸைக் கேட்டேன். "தெரியாதே," என்றார், கொஞ்சம் பெருமையாகவே. ஒருவராக இருக்கலாம். ஒன்பது மணிக்கு வீடுகள் காலியான பிறகு, தீவு முழுக்க ஆயிரம் பேர் தங்கள் போனைப் பார்த்து உப்பு, உப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அதை அறிய ஒரு வழியும் வைக்காமல்தான் கிளாரிசா அந்த விதியை எழுதியிருக்கிறாள்.

இன்று காலை ஒன்பது பத்துக்குத் தங்கம் எந்தச் சொல்லைச் சொன்னார் என்பதுதான் இந்தக் கதையின் கடைசி வரியாக இருந்திருக்க வேண்டும். இப்போது சீட்டு விழுவதில்லை, அதனால் அது எனக்குத் தெரியவராது. கிளாரிசாவுக்கும் வராது. இதற்குக் கீழே ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறேன். அது உங்களுடையது. அவசரம் ஒன்றும் இல்லை.